சாக்கடை நீரும் சாய நீரும்

சிறுமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பாதி வழி ஏறியதும் வண்டியை நிறுத்திக் கீழே நோக்கினால் திண்டுக்கல் மலைக்கோட்டையும், அதைச் சுற்றிய நகரமும், அப்பால் தென்னந்தோப்புகளும் கண்மாய்களும் ஒரே பார்வையில் அடங்கும். நாம் நிற்கும் இந்த மலையில் பெய்யும் மழைதான் சந்தனவர்த்தினி முதலிய ஓடைகளாக இறங்கிக் குடகனாற்றில் கலக்கிறது. குடகனாறு வேடசந்தூர் வழியாக வடக்கே சென்று அமராவதியில் சேர்கிறது. அமராவதி கரூருக்கு அருகே திருமுக்கூடலூரில் காவிரியை அடைகிறது. காவிரி பூம்புகாரில் கடல் புகுகிறது. இவ்வாறு நம் சிற்றோடைக்கும் வங்கக் கடலுக்கும் அறுபடாத உறவு இருக்கிறது. ஆண்டில் பல மாதங்கள் குடகனாறு மணலாய்க் கிடப்பதால் இவ்வுறவு நம் நினைவுக்கு வருவதில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. திண்டுக்கல் நகரத்தார் குடிக்கும் நீரில் ஒரு பகுதி கரூர் மாவட்டத்துக் காவிரியிலிருந்து குழாய் வழியே ஏற்றி வரப்படுவதாகும். கீழே போகவிட்ட நீரின் திசையிலிருந்தே குடிநீரையும் வரவழைத்துக்கொள்கிறோம்.

நம் அங்கத்தினர்களில் நெய்பவரும் உண்டு, விளைவிப்பவரும் உண்டு. நாகல் நகரிலோ சின்னாளபட்டியிலோ தறியில் அமர்ந்திருப்பவர், சாயம் தோய்த்த நூலை அலசிய நீர் எந்த வாய்க்காலில் போயிற்று என்று எண்ணிப் பார்ப்பது அரிது. கிழக்கே அல்லது வடக்கே காய்கறி வைத்திருப்பவர், தம் கிணற்று நீர் ஏன் கரிக்கத் தொடங்கியது என்று வியந்து, மழை பொய்த்ததுதான் காரணம் என்று தேற்றிக்கொள்வதும் உண்டு. இருவரும் ஒரே சங்கத்தின் பொதுக்குழுவில் அருகருகே அமர்பவர்கள். ஆதலின் நகரத்துக் கழிவு நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் என்ன செய்கிறது, அதைவிட முக்கியமாக என்ன செய்ய இயலாது என்பதை இருவரும் அறிந்திருத்தல் நலம்.

முதலில் ஒரு கணக்கைச் சொல்லவேண்டும். திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு முன்னொரு காலத்தில் கிணறுகளை ஆராய்ந்தது. குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுப்போயிருந்தன. இந்த எண்கள் எங்கோ ஒரு துண்டுப் பிரசுரத்தில் மறைந்துவிடவில்லை. 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பிலேயே இடம்பெற்றுவிட்டன. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991இல் தொடுத்த வழக்கு அது. தமிழ்நாட்டில் ஐந்து மாவட்டங்களில் 900க்கும் மேற்பட்ட தோல் பதனிடும் தொழிற்சாலைகள் இருப்பதாகவும், ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் நீர் செலவாவதாகவும், வேலூர்ப் பகுதியில் 35,000 ஹெக்டேர் அளவுக்கு விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்றும் அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. கெடுத்தவனே ஈடு செய்யவேண்டும் என்ற நெறி இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியே என்று நீதிபதிகள் அறிவித்ததும் அதில்தான். திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களின் தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

நகரங்களில் சுத்திகரிப்பு நிலையம் கட்டுகிறார்களே, அதில் இந்த நீரையும் விட்டுவிட்டால் கிணறுகள் பிழைத்திருக்கும் அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விடை கூறுமுன் அந்த நிலையத்தின் உள்ளே ஒரு முறை சென்று வருவோம்.

வீடுகளிலிருந்து வரும் சாக்கடை நீரில் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் வெறும் நீரே. எஞ்சிய சிறு பங்கில் மலமும், எச்சில் சோறும், எண்ணெயும், சோப்பும் இருக்கின்றன. ஆற்றில் இவை விழுந்தால் அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்னத் தொடங்கும். தின்பதற்கு அவற்றுக்குப் பிராணவாயு வேண்டும். நம் ஊர் வெயிலில், 30 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு ஏழரை மில்லிகிராம் அளவே. சாக்கடை நீர் ஒரு லிட்டரைச் செரிக்க நுண்ணுயிர்களுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை பிராணவாயு தேவைப்படும். வரவு ஏழரை, செலவு இருநூறு! இந்தக் கணக்கில் ஆறு திவாலாவதற்கு எத்தனை நேரமாகும்? மீன் மூச்சுத் திணறி மிதக்கும். நீர் கறுத்து நாறும்.

சுத்திகரிப்பு நிலையம் என்பது, ஆற்றில் பல மைல் தூரத்தில் பல நாட்களில் நடக்கவேண்டிய இந்தச் செரிமானத்தைச் சில தொட்டிகளுக்குள் சில மணி நேரத்தில் நடத்திவிடும் ஏற்பாடே ஆகும். முதலில் இரும்புக் கம்பிச் சட்டம் ஒன்று கந்தல் துணி, பிளாஸ்டிக் பை, கட்டை முதலியவற்றைத் தடுத்து நிறுத்தும். அடுத்த தொட்டியில் மணல் படியும். அதற்கடுத்த பெரிய தொட்டியில் நீர் மெல்ல நகர, கனமான கசடு அடியில் தங்கும். பிறகு வருவதுதான் நிலையத்தின் இதயம்: காற்றூட்டும் தொட்டி. அடியிலுள்ள குழாய்களின் வழியே இடையறாது காற்று பொங்கி எழும். பழுப்பு நிறச் சேறு போல் சுழலும் அந்நீரில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று பெருகுகின்றன. அங்கிருந்து அமைதியான தொட்டி ஒன்றுக்கு நீர் செல்ல, நுண்ணுயிர்க் கூட்டம் கொத்துக் கொத்தாய்த் திரண்டு அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த நீர் நிற்கும். படிந்த சேற்றில் ஒரு பங்கை மறுபடியும் காற்றூட்டும் தொட்டிக்கே திருப்புகிறார்கள். இது நம் வீட்டுப் பெண்கள் அறியாத வித்தை அன்று. நேற்றைய மோரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் உறை ஊற்றுவது போன்றதே.

இந்த உறை ஊற்றும் முறையைக் கண்டறிந்தவர்கள் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தைச் சேர்ந்த ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவர். நெசவாலைகளுக்குப் பேர்போன அந்நகரம் தன் ஆறுகளைக் கெடுத்துவிட்டு வழி தேடிக்கொண்டிருந்தது. அவர்கள் புட்டிகளில் சாக்கடை நீரை நிரப்பிக் காற்றூதினார்கள். முதல் முறை நீர் முற்றிலும் தெளிய ஐந்து வாரம் பிடித்தது. தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியில் நின்ற சேற்றைக் கொட்டாமல் அதன்மேல் புதிய சாக்கடை நீரை ஊற்றினார்கள். இவ்வாறு திரும்பத் திரும்பச் செய்ய, ஐந்து வாரம் ஒரே நாளாகக் குறைந்தது. 1914இல் இதை வெளியிட்டார்கள். உலகத்து நகரங்களில் பெரும்பாலானவை இன்றும் இதன் வழி வந்த முறைகளையே கையாளுகின்றன.

நல்ல முறையில் நடக்கும் நிலையத்திலிருந்து வெளியேறும் நீருக்கு வேண்டிய பிராணவாயு, லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடும். கடைசியில் குளோரின் கலந்து நோய்க்கிருமிகளை ஒழிக்கிறார்கள். கசட்டைக் காற்றுப் புகாத பெருங்கலன்களில் புளிக்க வைத்தால் சாண எரிவாயுவைப் போன்ற வாயு கிடைக்கிறது. சென்னையில் கொடுங்கையூர் முதலிய நிலையங்களில் அவ்வாயுவைக் கொண்டே மின்சாரம் எடுத்து எந்திரங்களை ஓட்டுகிறார்கள்.

"நல்ல முறையில் நடக்கும்" என்ற சொற்களை வேண்டுமென்றே எழுதினேன். திறப்பு விழாவில் நாடா வெட்ட வருகிறவர்கள் பலர். ஆறு மாதம் கழித்து மின்சாரக் கட்டணச் சீட்டைப் பார்க்க வருகிறவர் எவருமில்லை. கட்டணத்துக்கு அஞ்சி இரவில் காற்றூதியை நிறுத்துவார்களாயின் விடிவதற்குள் நுண்ணுயிர்கள் நலிந்துபோகும். தறியை நிறுத்தினால் பாவு காத்திருக்கும்; நுண்ணுயிர் காத்திராது. 2021இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட கணக்கின்படி, இந்திய நகரங்களில் நாள்தோறும் 7,236 கோடி லிட்டர்க் கழிவு நீர் பிறக்கிறது. உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது ஏறத்தாழ 2,024 கோடி லிட்டர், அதாவது நூற்றுக்கு 28 பங்கு. கட்டி முடித்த நிலையங்களின் கொள்ளளவோ 3,184 கோடி லிட்டர். கட்டிய அளவுக்குக்கூட ஓட்டவில்லை என்பது இதனால் விளங்கும்.

எஞ்சியது ஆற்றுக்கும், ஆற்றின் வழியாகக் கடலுக்கும் போகிறது. கடல் பெரிது, எதையும் தாங்கும் என்று நினைப்பது பிழை. ஆறுகள் நடுக்கடலில் போய் விழுவதில்லை. முகத்துவாரத்திலும் கரையோர ஆழமற்ற நீரிலுமே கழிவு தங்குகிறது. இறாலும் மீன்குஞ்சும் வளரும் இடங்களும் அவையே. சாக்கடையிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் அங்கே பாசிக்கு உரமாகின்றன. பாசி மிகுந்து, மடிந்து, அழுகும்போது அடிநீரின் பிராணவாயு தீர்ந்துவிடுகிறது. நம் கண்மாய்களில் ஆகாயத்தாமரை மூடிக்கிடப்பதும் இதே உரத்தின் விளைவுதான். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு கடலில் விழும் இடத்தில், வயல்களிலிருந்து வடியும் உரத்தினால் ஆண்டுதோறும் கோடையில் மீன் வாழ முடியாத பெரும் பரப்பு ஒன்று ஏற்படுகிறது. ஆதலால் இக்குற்றத்தில் நகரத்தாரை மட்டும் சாடுவதற்கில்லை. யூரியாவை வாரி இறைக்கும் நமக்கும் பங்குண்டு.

கடலைக் கெடுக்கும் அதே சத்து, உரிய இடத்தில் விழுந்தால் பயிரை வளர்க்கும் என்பதை உழவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் நீர் நிற்கப் பாய்ச்சினால் அது ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். லிட்டருக்கு 40 மில்லிகிராம் தழைச்சத்து என்று வைத்தால், வீட்டுச் சாக்கடை நீரில் அந்த ஒரு அங்குலத்தில் 4 கிலோ தழைச்சத்து இருக்கும். யூரியாவாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 9 கிலோ. சுத்திகரித்த பிறகு இதில் ஒரு பகுதியே மிஞ்சும். ஆயினும் சும்மா கிடைப்பதுதானே. மதுரையில் அவனியாபுரத்துப் பண்ணையில் நெடுங்காலம் சாக்கடை நீரால் மாட்டுப்புல் வளர்த்தார்கள். சுத்திகரிக்காத நீரைப் பாய்ச்சுவது பாய்ச்சுகிறவருக்கும் உண்கிறவருக்கும் கேடு. குடற்புழுவும் காலராவும் அந்த வழியில் வரும். பச்சையாகத் தின்னும் காய்க்கும் கீரைக்கும் பாய்ச்சவேண்டுமானால் 100 மில்லி லிட்டரில் மலக்கிருமிகள் ஆயிரத்துக்கு மேற்படக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989இல் வரையறுத்தது. தென்னை, பருத்தி, தீவனப்புல் ஆகியவற்றுக்கு இவ்வளவு கண்டிப்பு வேண்டியதில்லை.

திண்டுக்கல் 2014இல் மாநகராட்சி ஆயிற்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 2,07,327. ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 135 லிட்டர் நீர் என்ற அரசாங்க அளவு முழுதும் கிடைப்பதாகவும், அதில் ஐந்தில் நான்கு பங்கு சாக்கடையாகத் திரும்புவதாகவும் கொண்டால், இரண்டு கோடி லிட்டருக்கு மேல் வரும். மேலே சொன்னபடி ஒரு அங்குலமாகப் பாய்ச்சினால் நாள்தோறும் 200 ஏக்கருக்குக் குறையாமல் நனைக்கலாம். காய்ந்து கிடக்கும் இச்சமவெளியில் இது சிறிய சொத்தன்று. சென்னை இதை நன்குணர்ந்துவிட்டது. 2019 முதல் கோயம்பேட்டில் சாக்கடை நீரை மும்முறை சுத்திகரித்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆலைகளுக்கு விலைக்கு அனுப்புகிறார்கள்.

இப்பொழுது நாம் விட்டு வந்த கேள்விக்குத் திரும்புவோம். தோல் ஆலை நீரையும் சாயப்பட்டறை நீரையும் இதே நிலையத்தில் விட்டால் என்ன?

நுண்ணுயிர் எதையும் தின்னும், உப்பைத் தின்னாது. இந்த ஒரு வரியில்தான் சங்கதி முழுதும் அடங்கியிருக்கிறது. ஆட்டுத்தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டிய உப்பைத் தடவி ஆலைக்கு அனுப்புகிறார்கள். முதல் ஊறலிலேயே அவ்வுப்பில் பெரும்பகுதி நீரில் இறங்கிவிடும். சாயத்திலும் இப்படியே. பருத்தி நூலில் சாயம் பற்ற, ஆழ்ந்த நிறமாயின் ஒரு லிட்டர்ச் சாய நீரில் 50 கிராமுக்கு மேல் உப்புச் சேர்ப்பதுண்டு. கடல் நீரில் இருப்பதே லிட்டருக்கு 35 கிராம்தான்! சாயத்தில் பெரும்பகுதி நூலோடு போகும். உப்பில் ஒரு துளியும் நூலோடு போகாது, அத்தனையும் வாய்க்காலுக்கே வரும். நிறத்தை நீக்கலாம், நாற்றத்தை நீக்கலாம், தோல் ஆலைக் குரோமியத்தைச் சுண்ணாம்பிட்டுப் படியவைத்து மீட்கலாம். கண்ணாடிபோல் தெளிந்து வெளியே வரும் நீரில் உப்பு அப்படியே இருக்கும். கண்ணுக்குத் தெரியாததால் அது சுத்த நீர் என்று நம்பிப் பாய்ச்சுவோரும் உண்டு.

வெளியேற்றும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது விதி. அந்த விதிக்குட்பட்ட நீரையே ஏக்கருக்கு ஒரு அங்குலம் பாய்ச்சினாலும் 200 கிலோவுக்கு மேல் உப்பு நிலத்தில் இறங்குகிறது. நான்கு மூட்டை உப்பை நாமே சுமந்து சென்று வயலில் தூவியதற்கு ஒப்பாகும். நீர் ஆவியாய்ப் போய்விடும், உப்பு தங்கும். மண் இறுகும், ஈரம் இருந்தும் வேர் உறிஞ்ச மாட்டாமல் பயிர் வாடும். நம் கிணறுகளோ பாறை வெடிப்புகளில் ஊறும் கிணறுகள். ஒருமுறை உப்பு இறங்கினால் ஓரிரு மழையில் கழுவிக்கொண்டு போகாது. அந்த 350 கிணறுகளின் கதை இதுவே.

இரண்டு வகை நீரையும் ஒரே சாக்கடையில் கலந்தால் இன்னொரு கேடும் உண்டு. உப்பும் நச்சும் திடீரென வந்து விழ, காற்றூட்டும் தொட்டியிலுள்ள நுண்ணுயிர்கள் மடியும். பயிருக்கு உதவியிருக்கக்கூடிய இரண்டு கோடி லிட்டரும் பாழாகும். தோலுக்கும் சாயத்துக்கும் தனி நிலையம் வேண்டும் என்று சொல்வது இதனால்தான். திண்டுக்கல்லில் தோல் தொழிலுக்கென்று பொதுச் சுத்திகரிப்பு நிலையம் தனியே ஏற்பட்டது.

தனி நிலையம் கட்டிவிட்டால் போதும் என்றும் இருந்துவிட முடியாது என்பதைத் திருப்பூர் நமக்குக் காட்டிற்று. அங்கே நொய்யலாற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் அணை கட்டி முடித்தார்கள். பாசனத்துக்கென்று கட்டிய அணை சில ஆண்டுகளுக்குள் சாய நீரைத் தேக்கும் தொட்டியாக மாறிற்று. அணையில் நீர் இருந்தும், அதைத் திறந்துவிட வேண்டாம் என்று உழவர்களே கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அக்காலத்தில் இல்லாமலில்லை, இருந்தன. அவை நிறத்தை எடுத்தன, உப்பை விட்டுவிட்டன. உழவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் ஆணையிட்டது. ஆணை நிறைவேறாமையால் 2011 ஜனவரி 28ஆம் நாள் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொல்லிற்று. பட்டறை மூடியதும் பின்னலாடைத் தொழிலே தடுமாறிற்று. கூலிக்காரர்கள் ஊர் திரும்பினார்கள். உழவர் வென்றார், தொழிலாளி தோற்றார் என்று இதைச் சொல்ல எனக்கு மனமில்லை. முதலிலேயே உப்பைத் தனியே பிடித்திருந்தால் இருவருக்கும் இந்த நஷ்டம் நேர்ந்திராது.

பிறகு பட்டறைகள் திறந்தது உப்பைப் பிடிக்கும் ஏற்பாட்டோடுதான். நுண்ணுயிர் முறையில் தெளிந்த நீரை மெல்லிய சவ்வுகளின் வழியே மிகுந்த அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். நல்ல நீர் மறுபுறம் வந்து மீண்டும் சாயத்துக்கே பயன்படுகிறது. எஞ்சிய கெட்டியான உப்பு நீரைச் சில இடங்களில் சாயத் தொட்டிக்கே திருப்பி அனுப்புகிறார்கள்; உப்பு வாங்கும் செலவு குறைகிறது. மீதியை நீராவியால் காய்ச்சி வற்றவைக்கிறார்கள். இதற்குச் செலவு மிக அதிகம். ஒரு சிறு பட்டறைக்காரர் தனியே தாங்கமாட்டார். பலர் கூடியே செய்ய முடியும். தோல் தொழிலிலும், ஊறவைக்குமுன் தோலை உதறி உப்பைத் தட்டி எடுத்துவிடுவதும், முதல் ஊறல் நீரை மட்டும் தனிப் பாத்தியில் வெயிலில் காயவிடுவதும் கையாளப்படுகின்றன. உதறுவதற்கு எந்திரம்கூட வேண்டியதில்லை.

வீட்டிலேயே அடுப்பு மூட்டிச் சாயம் காய்ச்சும் நம் அங்கத்தினர்களுக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு எட்டாது. அவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சாயத் தொட்டியின் நீரையும் முதல் அலசல் நீரையும் பின்னைய அலசல்களோடு கலவாமல் தனியே வைப்பது. உப்பில் பெரும்பங்கு அந்த முதல் இரண்டில்தான் இருக்கிறது. அளவு சிறிதாகையால் பல வீட்டு நீரைச் சேர்த்துப் பொது நிலையத்துக்கு வண்டியில் கொண்டுபோக முடியும். கிணற்றுக்காரர்களும் ஆண்டுக்கு இரு முறை, கோடையிலும் ஐப்பசி மழைக்குப் பின்னும், நீரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி உப்பின் அளவைக் குறித்து வைப்பார்களாயின், கிணறு கெடத் தொடங்குவதை நாக்கு அறிவதற்கு முன்பே காகிதம் காட்டிவிடும்.

காய்ச்சி எடுத்த உப்பு என்னவாகிறது என்று கேட்பீர்கள். அது சாப்பாட்டு உப்பன்று. பலவகை உப்பும் சாயக் கசடும் கலந்த பழுப்புக் கட்டி. வாங்குவார் இல்லை, குழி தோண்டிப் புதைத்தால் மறுபடியும் கிணற்றுக்கே வரும். ஆதலால் பல நிலையங்களில் அதை மூட்டை கட்டிக் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மழைக்காலம் வந்தால் முதலில் தேடுவது தார்ப்பாயைத்தான்.